எட்டு வீட்டு மாடு

ஸ்ரீரங்கம் வடக்கு அடையவளஞ்சான் தெருவில் ஒரு காலத்தில் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு காளை மாடு வைத்திருந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கும் ஏர் பிடிக்கத் தெரியாது. ரயில்வே குமாஸ்தா, பென்ஷன் வாங்கிய பள்ளிக்கூட வாத்தியார், கோயில் கைங்கரியக்காரர், தபால் ஆபீஸ்காரர் என்று வேறு வேறு உத்தியோகம் பார்த்தவர்கள். மாட்டின் வாலைப் பிடித்துப் பார்த்தவர்கள்கூட அதில் இல்லை. அத்தனைக்கும் காரணம் வேதவதி. இத்தனைக்கும் அவள் அந்தத் தெருவில் அதிகம் வாய் திறக்காதவள் என்று பெயர் வாங்கியவள்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள் வேதவதி. புருஷன் சேஷுவுக்குத் திருச்சி ரயில்வே ஆபீஸில் வேலை. காலையில் எட்டரைக்குப் போனால் இருட்டுவதற்குச் சற்று முன்புதான் திரும்புவான். மாமியார் மாமனார் இல்லை. குழந்தையும் பிறக்கவில்லை. நீளமான அந்த வீட்டில் முன்கட்டிலிருந்து கொல்லைவரை அவள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அந்த வீட்டின் கொல்லைக் கதவை ஒன்றுவிட்டு ஒரு நாள் விடியற்காலையில் தட்டுகிறவள் வள்ளிக்கண்ணு. கொள்ளிடக் கரையில் அவளுக்குக் குத்தகைத் தோட்டம் இருந்தது. வேதவதிக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தலைச்சுமையாகக் கொண்டுவந்த கூடையை இறக்கித் துவைக்கிற கல்லின் மேல் வைப்பாள். ஈரத் துணியை விலக்கினால் கொத்தவரங்காய், பிஞ்சுக் கத்தரிக்காய், வேரில் மண் உதிராத முளைக்கீரை எல்லாம் பனி காயாமல் இருக்கும். துவாதசி என்றால் சொல்லவே வேண்டாம். ஏகாதசி விரதம் முடிக்கிற பாரணைக்கு அகத்திக்கீரை சூரிய உதயத்துக்கு முன்பே வந்துவிடும். வள்ளிக்கண்ணு கொல்லைப்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டாள்; வேதவதியும் காய்கள்மேல் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே எடுத்துப்போவாள். அந்த நாளில் அதுதான் வழக்கம். ஆனால் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நின்று அவர்கள் பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. வேதவதிக்கு அன்றைய நாள் முழுவதும் கிடைக்கிற பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் கையில் ரங்கூன் விழுந்த மறு வருஷம். சித்திரை மாதம் ஒரு நாள் வள்ளிக்கண்ணு பாதிக் கூடைதான் கொண்டுவந்தாள். அதையும் இறக்கி வைத்துவிட்டு ஈரத் துணியை விலக்காமலே நின்றாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள் வேதவதி.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க மாமி. மாடு செத்துப்போச்சு. ஜோடியில ஒண்ணு போயிடுச்சு. செவலை மட்டும் நிக்கிது. ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு எப்படிங்க கவலை இறைக்கறது?"

அவள் கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இழுக்க இரண்டு மாடு வேண்டும். வள்ளிக்கண்ணுவின் புருஷன் பெரியண்ணனும் கொழுந்தன் செல்லக்கண்ணுவும் இருந்தால் ஏற்றம் போட்டாவது சமாளித்திருப்பார்கள். அவர்கள் இருவரும் பட்டாளத்துக்கு ரோடு போடும் வேலையில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"பட்டாளத்துக்குக் காய்கறி சப்ளை பண்றாரே காண்ட்ராக்டர், அவர் ஆளு சின்னையன் வந்தாரு. மாடு அவங்களே வாங்கித் தராங்களாம். தோட்டம் பூரா பூசணியும் சேனையும் போட்டு அவங்களுக்கே குடுத்திடணுமாம். கீரை, கொத்தவரையெல்லாம் லாரியில வாடிப்போயிடும், வேண்டாங்கறாங்க." கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "அடுத்த வாரத்திலேர்ந்து வரமாட்டேங்க மாமி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அன்று வேதவதிக்குத் தளிகையில் மனம் ஓடவில்லை. சாத்தமுதில் உப்பு இரண்டு தடவை போட்டாள். சேஷு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் மோரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனான்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பூமாவின் மொட்டை மாடியில் தெருப் பெண்கள் கூடி வடாம் இட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டில் எந்தச் சாமான் கிடைக்கவில்லை, கண்ட்ரோல் அரிசியில் எத்தனை கல் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வேதவதி வழக்கம்போல் ஓரமாக உட்கார்ந்து மாவைப் பிழிந்தபடி இருந்தாள். திடீரென்று, "நாம வாங்கிக் குடுத்தா என்ன?" என்றாள்.

"எதைடி?" என்றாள் பூமா.

"மாட்டை."

பிழிந்த கைகள் எல்லாம் நின்றன. எதிர்வீட்டு ரெங்கம்மாள்தான் முதலில் சிரித்தவள். அவளுக்கு ஐம்பது வயது. தெருவில் எந்த விஷயத்துக்கும் அவள் நாக்கில் ஒரு குட்டு தயாராக இருக்கும். "நன்னாயிருக்கு போ! மாட்டோட நிறுத்திக்குவானேன்? கோயில் யானையையும் சேத்து வாங்கிடேன்."

வேதவதிக்குக் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. எட்டு வீடு சேர்ந்தால் மாட்டின் விலை பெரிய பாரமாக இராது என்றும், தோட்டத்தில் விளைவதை ஒரு வருஷத்துக்கு எட்டுப் பங்காக வாங்கிக்கொள்ளலாம் என்றும் மடமடவென்று சொல்லி முடித்தாள். தீபாவளிப் புடவை தனக்கு வேண்டாம் என்று அகத்துக்காரரிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அது பொய். அன்று சாயங்காலம்தான் சொன்னாள்.

பூமா முதலில் தலையாட்டினாள். ஒரு வாரத்துக்குள் எட்டு வீடு சேர்ந்தது. ரெங்கம்மாள் மட்டும், "நான் கடைத்தெருவிலேயே வாங்கிக்கறேன். நேக்கு மாட்டு வியாபாரம் தெரியாது" என்று விலகிக்கொண்டாள்.

விஷயத்தைக் கேட்ட வள்ளிக்கண்ணு உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை. கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்லிடறேன் மாமி. வெயிலு இருக்கு, பூச்சி இருக்கு, ஆறு இருக்கு. விளைஞ்சதைத்தான் கொண்டாருவேன். இது ஏன் இல்லே, அது ஏன் கொறைச்சல்னு கேக்கக்கூடாது. எட்டு வீட்டு மாமிகளும் ஒத்துக்கறாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளும்போது யார்தான் ஆற்றை நினைத்துப் பார்த்தார்கள்!

மணப்பாறைச் சந்தைக்கு வள்ளிக்கண்ணுவின் தாய்மாமன் அழகர்சாமி போனார். கூடவே ரயில்வே பாஸ் இருக்கிற தைரியத்தில் சேஷுவும் போனான், குடையும் கையுமாக. அங்கே தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை பேசுவதைக் கண்டு வாயைப் பிளந்து நின்றதாகவும், தானும் ஒரு துண்டுக்குள் கையை விட்டதாகவும், எவனோ தன் சுண்டுவிரலை முறுக்கிவிட்டதாகவும் அவன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். வாங்கிய மாடு சாம்பல் நிறத்தில் நல்ல மயிலை. அழகர்சாமி அதை இரண்டு நாள் நடத்தியே கொண்டுவந்து சேர்த்தார்.

பிறகு வந்த ஆறு மாதத்தை நினைத்தால் வேதவதிக்கு இப்போதும் வாயில் ஒரு ருசி ஊறும். வாரத்தில் மூன்று நாள் கூடை வரும். என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனியில் அவரையும் பாகற்காயும். ஆடியில் புடலங்காய் வர ஆரம்பித்து நிற்கவே இல்லை. கறியமுது, கூட்டு, பொரித்த குழம்பு என்று எட்டுத் தளிகையறைகளிலும் புடலங்காய்தான். பாகற்காய் பிடிக்காத வீட்டிலிருந்து அது பூமாவின் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து சேப்பங்கிழங்கு இங்கே வரும். ஒருத்திக்கு ஒருத்தி கொல்லைச் சுவருக்கு மேல் முறத்தை நீட்டிப் பேசப் பேச, ஆறு வருஷமாகப் பெயர் மட்டும் தெரிந்திருந்த பெண்கள் வேதவதிக்குச் சிநேகிதிகள் ஆனார்கள். கொத்தவரங்காயை ஒடித்தால் சத்தம் கேட்கும். கத்தரிக்காய்க்கு எண்ணெய் அதிகம் வேண்டாம், தண்ணீர் தெளித்தாலே வெந்துவிடும். சேஷு சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, "நம்ம மாடு நன்னா உழைக்கறது" என்பான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மேற்கே எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் கொள்ளிடத்தில் வந்து இறங்கியது. இருபத்து நாலாம் வருஷத்து வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இது அதில் கால்வாசிகூட இல்லை என்றார்கள். தெருவில் தண்ணீர் வரவில்லை. கோயில் மணி வழக்கம்போல் அடித்தது. ஆனால் வள்ளிக்கண்ணு நான்கு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. வள்ளிக்கண்ணு மயிலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் வந்துகொண்டிருந்தாள். அவள் புடவை முழங்கால்வரை சேறாக இருந்தது. நேரே வேதவதியின் வீட்டு முன்னால் வந்து, வாசல் தூணில் மாட்டைக் கட்டினாள்.

"மாமி, உங்க மாடு."

"எங்க மாடா? என்ன சொல்றே நீ?"

"தோட்டம் போயிடுச்சுங்க. கரை ஒடைச்சுக்கிட்டு மணல் ஏறிக் கெடக்கு. கெணறு தூந்துபோச்சு. விளைஞ்சதைக் கொண்டாறேன்னு வாக்குக் குடுத்தேன். விளையறதுக்கு எடமே இல்லைன்னா உங்க மாட்டை நான் எந்த மொகத்தோட வச்சுக்கறது?" மாட்டின் கழுத்தில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். "தவிட்டுக்கும் வழியில்லைங்க. செவலைக்கே வைக்கல் கெடையாது. இதையாச்சும் பட்டினி போடாம இருக்கலாம்னுதான்."

வேதவதி படியிறங்குவதற்குள் அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் சேஷு ஆபீஸிலிருந்து வந்தபோது, வாசலை அடைத்துக்கொண்டு மாடு நின்றது. அவன் குடையை நீட்டி அதை நகரச் சொன்னான், அது நகரவில்லை. கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

அன்றே எட்டு வீட்டாரும் சேஷுவின் வாசல் திண்ணையில் கூடினார்கள். பென்ஷன் வாத்தியார் சாரங்கபாணி, மாட்டைத் திரும்பவும் மணப்பாறைக்கே ஓட்டிப்போய் விற்று, வந்ததைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் நியாயம் என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. யுத்த காலத்தில் யாருக்கும் கை தாராளமாக இல்லை. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். வேதவதி கதவுக்குப் பின்னால் நின்றாள். ஆண்கள் பேசும் இடத்தில் அவளுக்கு வார்த்தை எழவில்லை.

எதிர்வீட்டு வாசலிலிருந்து ரெங்கம்மாளின் குரல்தான் எழுந்தது. "ஏன் ஸ்வாமி, ஆறு இருக்குன்னு அவ மொதல்லயே சொன்னாளோல்லியோ? ஒத்துண்டுதானே ஆறு மாசமா புடலங்காயாத் தின்னேள்? நேக்கு இதுல பங்கும் கெடையாது, பாகமும் கெடையாது. காதால கேட்டதைச் சொல்றேன்."

சாரங்கபாணி வாத்தியார் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்துபோனார்.

மாடு மட்டும் நாளை வரை காத்திருக்கத் தயாராக இல்லை. கொல்லைக்கு அழைத்துவந்து கட்டினார்கள். பூமா கழுநீர் வைத்தாள். கோயில் கைங்கரியக்காரர் வீட்டிலிருந்து வைக்கோல் வந்தது. மயிலை எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வடக்கே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தியது. ஆறு மாதமாகச் செவலையோடு ஒரே நுகத்தில் நடந்த மாடு. அடுத்த நாளும் அப்படியே. அதன் கண்ணோரம் ஈரத்தடம் இறங்கியிருந்ததைப் பார்த்த வேதவதிக்குத் தானும் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இந்தக் கொல்லையிலேயே நின்று கிழக்கே மன்னார்குடி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் காலை சேஷு ஆபீஸுக்குப் போனதும் அவள் கயிற்றை அவிழ்த்தாள்.

"எங்கேடி கிளம்பிட்டே?" என்றாள் சுவருக்கு அப்பால் பூமா.

"வடதிருக்காவேரிக்கு" என்றாள் வேதவதி. பெருமாள் கோயில்காரர்கள் கொள்ளிடத்துக்கு வைத்த பெயர் அது.

"இரு, நானும் வரேன்."

இருவராகக் கிளம்பியவர்கள் தெரு முனையில் ஐந்து பேர் ஆனார்கள். மாட்டைப் பிடித்து நடத்தும் வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை. மயிலைதான் முன்னால் போயிற்று. மடிசாரைத் தூக்கிப் பிடித்தபடி மாமிகள் பின்னால் ஓடினார்கள். வழியில் மாட்டுவண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

தோட்டம் அங்கிருந்து ஒரு மைல்தான். ஆறு மாதம் அதைச் சாப்பிட்டவர்கள் ஒருவரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. முழங்கால் உயரத்துக்கு வெள்ளை மணல். புடலைப் பந்தலின் கால்கள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பந்தல் காலில் காய்ந்த கொடி ஒன்று சுற்றியிருந்தது. வள்ளிக்கண்ணு ஒரு கூடையில் மணலை அள்ளிக் கரைக்கு அப்பால் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆளாக, அவ்வளவு மணலையும்.

செவலை குடிசைக்குப் பக்கத்தில் நின்றது. மயிலை போய் அதன் கழுத்தில் தன் கழுத்தை வைத்துத் தேய்த்தது. பிறகு கீழே கிடந்த சோளத்தட்டையை ஒரு வாய் இழுத்தது.

"மாடு சாப்பிடமாட்டேங்கறது வள்ளிக்கண்ணு. எங்களுக்கு மாடு வளர்க்கத் தெரியல்லே" என்றாள் வேதவதி. "வைக்கலுக்கு எட்டு வீடும் ஏற்பாடு பண்றோம். நீயே வச்சுக்கோ."

"மாமி, அடுத்த வருஷம் விளையுமான்னே எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாட்டாப் பரவாயில்லே."

எட்டு வீட்டாரையும் கேட்காமல் அவள் கொடுத்த வாக்கு அது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பயம் அவளுக்கு இருந்தது. ஆனால் சாரங்கபாணி வாத்தியாரின் சம்சாரமும் அந்த ஐவரில் ஒருத்தி. அவள் வீட்டுக்குப் போய் என்ன சொன்னாளோ, வாத்தியார் அதற்குப் பிறகு மணப்பாறைப் பேச்சையே எடுக்கவில்லை.

அழகர்சாமி இரண்டு மாட்டையும் பூட்டிப் பலகை கட்டி மணலை இழுத்து ஒதுக்கினார். கார்த்திகை, மார்கழி, தை. எட்டு வீட்டிலும் சுண்டைக்காய் வற்றலும் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும்தான். "இன்னிக்கும் துவையலா?" என்பான் சேஷு. "இன்னிக்கும்" என்பாள் வேதவதி. சிலர் கடைத்தெருவில் வாங்கினார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. தையில் தண்ணீர் வடிந்ததும் ஒதுக்க முடியாத மணலிலேயே வள்ளிக்கண்ணு குழி தோண்டி எரு போட்டு வெள்ளரி விதை ஊன்றினாள். ஊற்றுப் பறித்துக் குடத்தில் மொண்டு ஊற்றினாள்.

மாசிக் கடைசியில் கொல்லைக் கதவு தட்டும் சத்தம் கேட்டு வேதவதி ஓடிப்போய்த் திறந்தாள். கூடை நிறைய வெள்ளரிப் பிஞ்சு. வேதவதி ஒரு பிஞ்சை எடுத்துத் தண்ணீர் தெளிக்காமல், அலம்பாமல், அங்கேயே நின்று கடித்தாள். வள்ளிக்கண்ணு பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பங்குனி முழுக்க வெள்ளரிக்காய்தான். பச்சடி, கோசுமல்லி, மோர்க்குழம்பு என்று எல்லாவற்றிலும். சேஷு கைக்குட்டையில் கட்டி ஆபீஸுக்குக் கொண்டுபோய் மேலதிகாரிக்கெல்லாம் கொடுத்தான். ரெங்கம்மாளின் வீட்டுக்கும் பூமா ஒரு முறம் கொண்டுபோனாள். "ஒண்ணு கசக்கறது" என்று சொல்லிவிட்டு முறத்தைக் காலி செய்து அனுப்பினாள் ரெங்கம்மாள்.

யுத்தம் முடிந்து பெரியண்ணன் திரும்பி வந்தான், மலேரியாவில் பாதி உடம்பாக. செல்லக்கண்ணு வரவில்லை, அவனுக்குப் பதில் சர்க்கார் முத்திரை குத்திய ஒரு கடிதம் வந்தது. கிணற்றைத் தூர் வாரினார்கள். கீரையும் கத்தரியும் திரும்பி வந்தன. ஒரு வருஷத்துக்கு என்று பேசிய ஏற்பாடு எத்தனை வருஷம் ஓடியது என்று ஒருவரும் எண்ணவில்லை. சேஷுவை மெட்ராஸுக்கு மாற்றினார்கள். மாம்பலத்தில் வாடகைக் குடித்தனம். வாரம் ஒருமுறை பூமாவிடமிருந்து கார்டு வரும். மேலே ஸ்ரீராமஜெயம், கீழே க்ஷேமம், அதற்கும் கீழே நுணுக்கி நுணுக்கி அந்த வாரக் கூடையில் வந்தவை எல்லாம். வேதவதி அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

நாற்பத்தெட்டாம் வருஷம் பூமாவின் பெண் கல்யாணத்துக்கு இருவரும் ஸ்ரீரங்கம் வந்தார்கள். கல்யாணத்துக் காய்கறி முழுவதும் கொள்ளிடக் கரையிலிருந்து வண்டியில் வந்து இறங்கியது. வள்ளிக்கண்ணுவைக் கூட்டத்தில் இரண்டு வார்த்தைக்குமேல் பார்த்துப் பேச முடியவில்லை. மறுநாள் காலையில் பத்து மணிக்கு மெட்ராஸ் ரயில். விடிந்ததும் வேதவதி கூடத்தில் நின்று, "ஒரு நடை தோட்டத்தைப் பாத்துட்டு வந்துடறேனே" என்றாள்.

"ரயிலுக்கு நாழியாயிடும்" என்றான் சேஷு.

"ஆகாது."

ஆயிற்று. ஒன்பதே முக்காலுக்கு அவளைத் தேடிக்கொண்டு ஜட்கா வண்டியில் பெட்டி படுக்கையோடு அவன் கொள்ளிடக் கரைக்கு வந்தபோது, வேதவதி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு கீரைப் பாத்தியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வள்ளிக்கண்ணு. இருவருக்கும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. "வேரோட பிடுங்காதீங்க மாமி, நுனியைக் கிள்ளுங்க, தழைஞ்சு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். பெரியண்ணன் கவலை இறைத்துக்கொண்டிருந்தான். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது.

சேஷு கடிகாரத்தைப் பார்த்தான். ஜட்காக்காரனை அனுப்பிவிட்டுப் பெட்டியை மாமரத்தடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். தூரத்தில் பாலத்தின்மேல் அவர்கள் போக வேண்டிய ரயில் புகை விட்டுக்கொண்டு போயிற்று.

"ஐயையோ, நம்ம ரயிலா அது?" என்று எழுந்தாள் வேதவதி.

"நம்மதுதான். அடுத்தது சாயங்காலம். உக்காரு, பாத்தி இன்னும் பாதி இருக்கே" என்றான் சேஷு.